சொல் எடுத்துக் கொடுக்காதவர்

பேச்சு திக்குகிறவர்கள் நாலு பேர் இருக்கும் இடத்தில் ஒதுங்கித்தான் நிற்பார்கள் என்று நினைத்திருந்தேன். எனக்குத் திக்காது, இருந்தும் நான் அப்படித்தான் நிற்பேன். அந்த டீச்சரைப் பார்த்த பிறகுதான் திக்குவதற்கும் ஒதுங்குவதற்கும் சம்பந்தமே இல்லை என்று தெரிந்தது.

வாலாஜாபாத்திலிருந்து ஸ்கூட்டரில் வருவார். முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். எழுத வராத பிள்ளைகளுக்குப் போனில் பேசி எழுதப் பழக்குவது அவர் வேலை. நாம் பேசினால் போன் அதைக் கேட்டு எழுத்தாகப் போடுமே, அது. என் மகள் மோனிஷா அப்போது ஒன்பதாவது. பள்ளிக்கூடத்தில் சொல்லி அனுப்ப, அவளுக்காக வாரத்தில் இரண்டு சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்.

"பேச வராத அம்மா, போனாண்ட பேசக் கத்துக் குடுக்குதா? நல்லா இருக்குதுபா கூத்து" என்று பக்கத்து வீட்டு குமார் முதல் நாளே சொன்னான். குமார் எனக்குத் தம்பி முறை. அவன் தறிக்கும் என் தறிக்கும் நடுவில் ஒரே சுவர்தான். நான் சிரித்து வைத்தேன். டீச்சர் அப்போது வாசலில் வண்டிக்கு ஸ்டாண்டு போட்டுக்கொண்டிருந்தார். அவர் காதில் விழாமல் இருந்திருக்காது.

அவருக்குச் சொல் உடைந்து உடைந்து வராது. சில சொற்களுக்கு முன்னால் அப்படியே நின்றுவிடும். வாய் அந்தச் சொல்லுக்குத் தயாராக இருக்கும், சத்தம் மட்டும் வராது. வேறு யாராக இருந்தாலும் அந்த நேரத்தில் தலையைக் குனிந்துகொள்வார்கள். அவர் நம் கண்ணையே பார்த்துக்கொண்டு நிற்பார். பார்க்கிற நமக்குத்தான் உடம்பு கூசும். அந்தச் சொல் என்னவென்று நமக்குத் தெரிந்துவிடும், எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று நாக்கு துடிக்கும். எடுத்துக் கொடுத்தால் அவர் அதை வாங்கிக்கொள்ள மாட்டார். கையை லேசாகத் தூக்கி நிறுத்திவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவார்.

ஒருநாள் அவருடைய வண்டி பழுதாகி, நானும் அவரும் ஒரே பஸ்ஸில் போகும்படி ஆனது. பெண்கள் பக்கம் முன்னால் அவர் உட்கார்ந்திருந்தார். நான் பின்னால். கண்டக்டர் வந்து எங்கே என்று கேட்டார். டீச்சருக்குச் சொல் நின்றுவிட்டது.

"வாலாஜாபாத்தாம்மா?"

டீச்சர் கையைத் தூக்கினார்.

"இல்லையா? அப்ப செங்கல்பட்டா? எங்கதாம்மா போவணும், சொல்லேன்."

பஸ்ஸில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டர் டிக்கெட் கட்டைத் தொடையில் தட்டிக்கொண்டு நின்றார். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்த அம்மாவை எனக்குத் தெரியும் என்று யாருக்கும் தெரிந்துவிடக் கூடாது என்று இருந்தது. நெல் மில் ஒன்று வந்தது, போனது. அதற்குப் பிறகு டீச்சர் குரல் தெளிவாகக் கேட்டது.

"வாலாஜாபாத்."

"அதத்தானேம்மா நான் மொதல்லயே சொன்னேன்."

"நீங்க சொன்னீங்க. நான் சொல்லல இல்ல."

கண்டக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் பின்னால் வந்தார். நானும் அதே ஊருக்குத்தான் டிக்கெட் வாங்கினேன், மெதுவான குரலில். இறங்கும்போது டீச்சர் என்னைப் பார்த்து, "நீங்களும் இதுலயா வந்தீங்க ணா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்ததை அவர் கவனித்தாரா என்று இன்றுவரை தெரியாது. கவனித்திருப்பார் என்றுதான் தோன்றுகிறது.

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் சாயங்காலமும் இதே கதைதான். மோனிஷாவை எதிரில் உட்கார வைத்து, எழுதும்போது என்ன ஆகிறது என்று கேட்டார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். நான் தறிக்குழியில் கால் வைத்தபடியே பதில் சொன்னேன்.

"அதுக்கு சோம்பேறித்தனம் டீச்சர். வாயி மட்டும் எட்டு ஊருக்குப் பேசும். நோட்டத் தொறந்தா தூங்கிடும்."

"உங்களக் கேக்கல ணா."

கோபமாகச் சொல்லவில்லை.  மோனிஷா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். "தலைக்குள்ள முழுசா இருக்குது மிஸ். கைக்கு வரும்போது நடுவுல விழுந்துடுது. எங்க விழுந்துச்சுன்னு தேடறதுக்குள்ள மீதியும் பூடுது."

பதினாலு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அவள் அதை என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. கேட்காததற்குக் காரணம் எனக்குத் தெரியும். அவள் நோட்டை முதன்முதலில் பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. கோட்டுக்கு மேலே ஏறும் எழுத்து, கொம்பு இல்லாமல் நிற்கும் எழுத்து, பாதியில் காணாமல்போன சொல். அது என் கையெழுத்து. ஐந்தாவது வகுப்பில் என் வாத்தியார் என் நோட்டை விரித்து வகுப்பு முழுவதற்கும் காட்டுவார். பிள்ளைகள் சிரித்து முடிக்கும்வரை மூட மாட்டார். அந்த வருடத்தோடு நான் பள்ளிக்கூடத்தை விட்டுத் தறிக்கு வந்தேன். வீட்டுக் கஷ்டம் என்று எல்லோரிடமும் சொன்னேன். எங்கள் தெருவில் அதை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். கட்டிக்கொண்டவளிடமும் அதையேதான் சொல்லியிருந்தேன்.

டீச்சர் முதலில் பழக்கியது பேச்சை அல்ல. பேசுவதற்கு முன்னால் சும்மா இருப்பதைப் பழக்கினார். போன் ரொம்ப நேரம் காத்திருக்காது. நடுவில் யோசித்தால் கேட்பதை நிறுத்திவிடும். அதனால் ஒரு வாக்கியத்தை மனதுக்குள் முழுவதும் கட்டிக்கொண்டு, பிறகு பொத்தானை அழுத்திப் பேச வேண்டும். மோனிஷா கண்ணை மூடிக்கொண்டு உதட்டை மட்டும் அசைப்பாள். பிறகு பேசுவாள். பேசியது திரையில் எழுத்தாக வந்து விழும். அதைப் போனையே வாசிக்கச் சொல்லிக் காதால் கேட்டு, எங்கே தப்பு என்று கண்டுபிடிக்க வேண்டும். தெருவில் பேசுகிற மாதிரி பேசினால் அது தடுமாறும். புத்தகத்தில் இருக்கிற மாதிரி பேசினால் ஒழுங்காகப் போடும். இப்போது இதை நானும் அப்படித்தான் போனிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பத்தாவது வரை படித்த என் மனைவி பிழை பார்க்கிறாள்.

முதல் நாள் எதைப் பற்றி வேண்டுமானாலும் சொல் என்றார் டீச்சர். மோனிஷா, "என் அப்பா தறியில் உட்கார்ந்தால் எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிற காலண்டர் ஆடும்" என்றாள். அது அப்படியே திரையில் வந்தது. ஒரு எழுத்தும் விழவில்லை. அவள் விரலை வைத்து அந்த வரியைத் தொட்டுப் பார்த்தாள். தொட்டதும் திரை வேறு எங்கோ போய்விட்டது, டீச்சர் திரும்பக் கொண்டுவந்து கொடுத்தார். நான் அறுந்த இழை ஒன்றைத் தேடுகிறவன் போலத் தறிப் பலகைக்குப் பின்னால் குனிந்துகொண்டேன்.

"மிஸ், நீங்க ஒருவாட்டி பேசுங்க" என்று மோனிஷா ஒருநாள் கேட்டுவிட்டாள்.  டீச்சர் சாதாரணமாகப் போனை வாங்கிப் பொத்தானை அழுத்தினார். இரண்டு சொல் வந்தது. மூன்றாவது நின்றது. போன் காத்திருந்து பார்த்துவிட்டு டொக் என்று அணைந்தது. மறுபடி அழுத்தினார், மறுபடி அணைந்தது.

"கண்டக்டரவிட அவசரம் இதுக்கு" என்றார்.

மோனிஷா சிரிக்கவில்லை. "அப்ப உங்களுக்கு இது உதவாதா மிஸ்?"

"எனக்கு எதுக்கு? எனக்குத்தான் கை எழுதுதே."

உண்மைதான். அவர் கையெழுத்து கோத்து வைத்த மாதிரி இருக்கும். தனக்குக் காத்திருக்காத இயந்திரத்தோடு ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் பேச வைத்துக்கொண்டிருந்தார். அதில் அவருக்கு ஒரு வருத்தமும் இருந்ததாகத் தெரியவில்லை. வருத்தமெல்லாம் எனக்குத்தான் இருந்தது. அவருக்காக அல்ல, எனக்காக.

பத்தாவது பொதுத்தேர்வில் போன் கிடையாது, சொல்வதைக் கேட்டு எழுத ஒருவரை உட்கார வைப்பார்கள் என்று டீச்சர் சொல்லியிருந்தார். அதற்கு முன் பதிலை வாயால் கோவையாகச் சொல்லப் பழகிவிட வேண்டும். தினமும் ஒரு மணி நேரம். பழகாமல் போனால் பத்தாவதைத் தாண்ட முடியாது.

தினமும் என்றபோதுதான் தறி குறுக்கே வந்தது. தறி ஓடினால் போன் அவள் பேச்சோடு அந்தச் சத்தத்தையும் கேட்டுக் குழம்பும். நிறுத்தித்தான் ஆக வேண்டும். வேறு ஊர்க்காரர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். எங்கள் தெருவில் பகலில் தறி நின்றால் அது செய்தி. யாருக்காவது உடம்பு சரியில்லை, அல்லது சாவு, அல்லது சண்டை. நின்று கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப்பக்கத்திலிருந்து குமார் குரல் கொடுப்பான்.

"இன்னாணா, தறி நின்னுச்சு?"

"இழை அறுந்துச்சுபா."

மறுநாள் தறி நாடா சரியில்லை என்றேன். அதற்கு மறுநாள் முதுகுவலி. முதுகுவலிக்கு குமார் தைலம் எடுத்துக்கொண்டு வந்தான். கதவு சாத்தியிருந்தது. உள்ளே மோனிஷா பேசிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்று தைலத்தை வாங்கிக்கொண்டேன். அவன் என் தோளுக்கு மேலே கதவைப் பார்த்துவிட்டுப் போனான்.

அந்த வாரமே எதிர்வீட்டு அக்கா தண்ணீர் பிடிக்கும் இடத்தில் என் மனைவியிடம் கேட்டிருக்கிறாள். "பொண்ணு டெய்லி கதவ சாத்திக்கினு போன்ல பேசுதாமே? அப்பன் தறிய நிறுத்திட்டு காவல் உக்காந்துக்கினு கீறானாமே? பையன் யாரு, நம்மாளுங்களா?"

மனைவி குடத்தை இறக்கி வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"போயி சொல்லிடுங்க. அதுக்கு எழுத வரல, பழகுதுன்னு."

"சொன்னா? எழுத வராத பொண்ணுன்னு ஊர் முழுக்கப் பேசும். நாளைக்கு யாரு பொண்ணு எடுப்பாங்க?"

"இப்ப மட்டும் இன்னா பேசறாங்களாம்? ரெண்டுல எது பரவால்ல உங்களுக்கு?"

எனக்கு இரண்டும் பரவாயில்லை என்று படவில்லை. முழுப் பரீட்சை முடியட்டும், அதோடு படிப்பை நிறுத்தித் தறியில் உட்கார வைத்துவிடலாம் என்றேன். அவள் வாய் தானாக மூடும், ஊர் வாயும் சேர்ந்து மூடும். மோனிஷா அடுப்பங்கரை நிலைப்படியில் நின்றிருந்தாள்.  அன்று சாயங்காலம் அவள் போனை எடுக்கவில்லை. நான் தறியை நிறுத்தாமல் ஓட்டினேன். காலண்டர் ஆடியது.

அதற்கு அடுத்த நாள் காலை எங்கள் பாவு. தறியில் ஏற்ற வேண்டிய நீள நூல்தான் பாவு. புதுப் பாவு வந்தால் தெருவில் நீளத்துக்கு விரித்து, இரண்டு முனையிலும் இழுத்துக் கட்டுவோம். நடுநடுவே ஆட்கள் இரண்டு பக்கமும் நின்று பிடித்துக்கொள்ள, கஞ்சி தடவி, அறுந்த இழையை முடிச்சுப் போட்டு, வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். யார் வீட்டுப் பாவாக இருந்தாலும் தெருவே வந்து பிடிக்கும். பாவு விரித்திருக்கும்போது வண்டி போகாது. பிடித்தவன் விட்டுவிட்டுப் போகவும் முடியாது. பேச்சு எனக்குப் பிடிக்காத பக்கம் திரும்பினால் மெல்ல நகர்ந்துவிடுவது என் வழக்கம். அன்று நகர முடியாது.

குமார் எனக்கு நேர் எதிரே, பாவுக்கு அந்தப்பக்கம் நின்றான்.

"இன்னாணா, நேத்து தறி நிக்கவே இல்ல? மாப்பிள்ள வூட்ல போன் எடுக்கலையா?"

இரண்டு பேர் சிரித்தார்கள். எதிர்வீட்டு அக்கா, "விடு குமாரு. வயசுப் பொண்ணுன்னா அப்படித்தான்" என்றாள். அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

அப்போதுதான் தெருமுனையில் டீச்சரின் ஸ்கூட்டரைப் பார்த்தேன். என் மனைவி இரவே போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். எனக்குப் பிறகுதான் தெரியும். பாவைப் பார்த்ததும் வண்டியை அணைத்துவிட்டு, பாவின் ஓரமாக நடந்து எங்கள் பக்கத்தில் வந்து நின்றார். எங்கள் வாசலில் பள்ளிக்கூட உடையில் மோனிஷா.

எனக்கு உயிர் வந்தது. டீச்சருக்கு எல்லாம் தெரியும். ஒரு வரி சொன்னால் போதும். படித்தவர் சொன்னால் தெரு கேட்கும். நான் அவரையே பார்த்தேன். அவர் வாய் எந்தச் சொல்லுக்கும் தயாராக இல்லை. அவர் சும்மா என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அது… மோனிஷா வந்து…" என்று ஆரம்பித்தேன். மேலே வரவில்லை. தொண்டை வரை வந்து நின்றுவிட்டது. அது எப்படி இருக்கும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. உள்ளே சொல் முழுசாக இருக்கிறது. எல்லோரும் முகத்தையே பார்க்கிறார்கள்.

"இன்னாணா? லவ்வா?" என்றான் குமார்.

டீச்சர் கையைத் தூக்கினார். "அண்ணா சொல்லிக்கினு இருக்காரு. நடுவுல…" அங்கே அவருக்கு நின்றது. தெருவே பாவைப் பிடித்துக்கொண்டு அந்த ஒரு சொல்லுக்காக நின்றது. குமாருக்கும் அது என்ன சொல் என்று தெரிந்திருக்கும். ஏனோ அவனும் சும்மா இருந்தான். "…எடுத்துக் குடுக்காதீங்க" என்று முடித்தார் டீச்சர்.

அதற்கு மேல் எல்லோரும் எனக்காகக் காத்திருந்தார்கள். கஞ்சி காய ஆரம்பித்திருந்தது. காய்ந்தால் இழையோடு இழை ஒட்டிக்கொள்ளும். கையில் இருந்த நூலைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"மோனிஷாவுக்கு எழுத வராது. பேசுனா போன் எழுதுது. அதத்தான் டெய்லி பழகுது. தறி சத்தத்துல அதுக்குக் கேக்காது, அதான் நிறுத்தறேன். வேற ஒண்ணும் இல்ல."

 அதோடு நிறுத்தியிருக்கலாம். வாசலில் மோனிஷா நின்றிருந்தாள். அவளை மட்டும் நடுத்தெருவில் நிற்க வைத்துவிட்ட மாதிரி இருந்தது.

"எனக்கும் வராது. அஞ்சாவதுல நான் நின்னது கஷ்டத்தால இல்ல. எழுத வரல. அதான்."

கஞ்சிச் சட்டியோடு நின்ற என் மனைவி என்னைப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. பிறகு குனிந்து கஞ்சியைக் கலக்கினாள்.

குமார்தான் முதலில் வாயைத் திறந்தான். "கஞ்சி காயுதுணா. இழுத்துப் புடி."

இழுத்துப் பிடித்தேன். அவ்வளவுதான். யாரும் ஆறுதல் சொல்லவில்லை, யாரும் சிரிக்கவும் இல்லை. டீச்சர் போய் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே போனார். சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்பார்கள். எனக்கு இறங்கவில்லை. காது இரண்டும் எரிந்தது. பாவைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குள் வந்தவன் அன்று டீக்கடைப் பக்கம் போகவில்லை, அடுத்த நாளும் போகவில்லை. இப்போதுகூட அந்த இடத்தைத் தாண்டும்போது முகம் சூடாகும்.

மோனிஷா இப்போது பதினொன்றாவது படிக்கிறாள். அவள் பத்தாவது தொடங்கி அரை வருடம் ஆகியிருந்தபோது டீச்சருக்கு வேறு மாவட்டத்தில் வேலை கிடைத்து, போய்விட்டார். நான் அவரை நினைத்துக்கொள்வது பாவு போட்ட அந்தக் காலையை வைத்து அல்ல. அன்றைய சாயங்காலத்தை வைத்துத்தான்.

அன்று அவர் வர வேண்டிய நாள். வர மாட்டார், இனி என் முகத்தில் எப்படி விழிப்பார் என்று நினைத்தேன். நான்தான் அவர் முகத்தில் விழிக்க முடியாமல் இருந்தேன். எப்போதும்போல ஸ்கூட்டர் வந்து நின்றது. கதவு திறந்தே இருந்தது. நான் தறிக்குழியில் உட்கார்ந்திருந்தேன், கை சும்மா இருந்தது. மோனிஷா போனை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

டீச்சர் உள்ளே வந்தார். காலையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. என்னைப் பார்த்து, "அண்ணா, தறி…" என்றார். அடுத்த சொல் நின்றுவிட்டது.

எனக்கு அந்தச் சொல் தெரியும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சுவருக்கு அந்தப்பக்கம் குமாரின் தறி ஓடிக்கொண்டிருந்தது. டீச்சர் என் கண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் முதன்முறையாக அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கூசியது. ஆனாலும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"…நிறுத்தியாச்சா?"

"நிறுத்தியாச்சு டீச்சர்" என்றேன், சுவருக்கு அந்தப்பக்கமும் கேட்கிற மாதிரி.